பேசாமல் இருந்ததற்கு வட்டி

ஒரு சின்ன க்விஸ். ஜெயித்தால் அல்வா உண்டு. ஆனால், திருநெல்வேலிக்காரன் அல்வா தருகிறேன் என்று சொன்னால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

எஸ். செல்லப்பாண்டியன், சி.பா. ஆதித்தனார், பி.எச். பாண்டியன், ஆர். ஆவுடையப்பன், மு. அப்பாவு. இந்த ஐந்து பேருக்கும் என்ன ஒற்றுமை?

‘எல்லாரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள்’ என்றால் பாதி மார்க். ஐந்து பேருமே நம் சட்டசபையில் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு மார்க். செல்லப்பாண்டியன் 1962 முதல் 1967 வரை. ஆதித்தனார் 1967-68. பாண்டியன் 1985 முதல் 1989 வரை. ஆவுடையப்பன் 2006 முதல் 2011 வரை. அப்பாவு வந்தது 2021-ல். சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம், மறுபடி சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், ராதாபுரம் என்று அவர்களின் தொகுதிகளை வரிசையாகச் சொன்னால் ஏதோ பஸ் ரூட் மாதிரி இருக்கும். முதல் நான்கும் தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊர்கள். ஐந்தாவது, அந்தத் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்த ஊர்.

சபாநாயகர் என்றால் யார்? ‘உட்காருங்க... உட்காருங்க’ என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் என்று டி.வி. பார்க்கிற குழந்தைகூடச் சொல்லிவிடும். உண்மையில், ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு கோஷ்டிகளை ஒரே கூரையின் கீழ் பேசவைப்பதற்காக நாம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

எதிர் வரிசைக்கும் நம்மூர் ஆள் அனுப்பியிருக்கிறது. பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் சாகிப் 1946 முதல் 1952 வரை சென்னை சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். நாடு பிரிந்த 1947-லும் முஸ்லிம் லீக் தலைவராக, காங்கிரஸ் கூட்டத்துக்கு எதிரே அதே இடத்தில் உட்கார்ந்திருந்தவர். அந்த நாட்களில் அந்த இடத்தில் உட்கார என்ன நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, பேச்சுக்கு ஆள் சப்ளை செய்வதில் எங்கள் ஜில்லா குறை வைக்கவில்லை. பேச்சுதான் நடந்தபாடில்லை.

நான் பாளையங்கோட்டையில் பி.காம். படித்தவன். எந்த விஷயத்தையும் டெபிட், கிரெடிட் என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அரசியல் நாகரிகத்தையும் அப்படியே பார்த்துவிடுவோமே.

முதலில் நாற்காலிக் கணக்கு.

ஆதித்தனார் சபாநாயகராக இருந்தபோது, ஒரு திருக்குறளும் அதன் பொருளும் சொல்லி அவையைத் தொடங்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். நல்ல வரவு. அவையறிதல், சொல்வன்மை, பயனில சொல்லாமை என்று அதிகாரம் அதிகாரமாக வைத்திருக்கிற ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிற சபை உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா? குறள் முடிந்த பத்தாவது நிமிஷம் மைக் பறக்கும் என்பது வேறு சமாச்சாரம்.

பி.எச். பாண்டியன் காலத்தில் இந்த நாற்காலிக்கு ‘வானளாவிய அதிகாரம்’ என்று ஒரு பட்டம் வந்தது. அரசியல் சட்ட நகலை எரித்ததற்காக க. அன்பழகன் உள்பட பத்து தி.மு.க. உறுப்பினர்கள் 1986-ல் பதவி இழந்தார்கள். 1987-ல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை. நாடே கொதித்ததும் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். எம்.ஜி.ஆர். இறந்த பிறகு, 1988 ஜனவரியில் ஜானகி அம்மாள் அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு அன்று சபைக்குள் போலீஸ் நுழைந்து தடியடி நடத்தியது. சிரித்துவிட்டுப் போக வேண்டிய ஜோக்குக்கு ஜெயில். பேசித் தீர்க்க வேண்டிய இடத்தில் லத்தி.

ஆவுடையப்பன் சுபாவத்தில் சாதுவான மனிதர். அவர் நாற்காலிக்கு வந்த அதே மாதம், 2006 மே மாதத்தில், அ.தி.மு.க. உறுப்பினர்கள் கூட்டமாக இடைநீக்கம் செய்யப்பட, ஜெயலலிதா தனி ஆளாகச் சபைக்கு வந்து பேசினார்.

அப்பாவு கதை இன்னும் சுவாரஸ்யம். 1996-ல் த.மா.கா., 2001-ல் சுயேச்சை, 2006-ல் தி.மு.க. என்று மூன்று விதமாக நின்று ராதாபுரத்தில் ஜெயித்தவர். சபையில் எல்லாத் திசையிலிருந்தும் பார்த்திருக்கிறார் என்றே சொல்லலாம். 2016-ல் அ.தி.மு.க.வின் இன்பதுரையிடம் வெறும் 49 ஓட்டில் தோற்றார். கோர்ட் உத்தரவில் 2019-ல் மறு எண்ணிக்கையும் நடந்தது. ஆனால், முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டில் தடை. முடிவு தெரிவதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. 2021-ல் ஜெயித்து, போட்டியின்றி சபாநாயகர் ஆனார். நான்கு வருஷத்துக்குள், 2025 மார்ச் 17-ம் தேதி, அ.தி.மு.க. அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. ஆதரவு 63, எதிர்ப்பு 154. தீர்மானம் தோற்றது. ‘எங்களைப் பேச விடுவதில்லை, பேசினாலும் நேரலையில் காட்டுவதில்லை’ என்பது எதிர்க்கட்சியின் புகார். ‘அவர் நடுநிலையானவர்’ என்பது ஆளுங்கட்சியின் பதில். 1996-லோ 2012-லோ கட்சிப் பெயர்களை மட்டும் இடம் மாற்றிப் போட்டால், இதே வசனம் கச்சிதமாகப் பொருந்தும்.

இங்கே ஒன்று கவனித்தீர்களா? ஒருவர் அதிரடி, ஒருவர் சாது. ஒருவர் அ.தி.மு.க., ஒருவர் தி.மு.க. ஆனால், எதிர் வரிசையின் புகார் மட்டும் அச்சு மாறவில்லை. அப்படியென்றால் கோளாறு உட்காருகிற ஆளிடம் மட்டும் இல்லை, நாற்காலியிலும் இருக்கிறது. ஜெயித்த டீமே தன் ஆட்டக்காரர் ஒருவரை அம்பயராக அனுப்புகிறது. மேட்ச் முடிந்ததும் அவர் அதே டீமில் பேட்டிங் செய்ய வேண்டும். அவர் எப்படித் தன் கேப்டனுக்கு அவுட் கொடுப்பார்?

இங்கிலாந்தில் சபாநாயகர் ஆனவர் கட்சியை விட்டே விலகிவிடுகிறார். அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் வழக்கமாக அவரை எதிர்த்து ஆள் நிறுத்துவதும் இல்லை. ‘அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்கு’ என்று சொல்லிவிடாதீர்கள். 1967-ல் மக்களவை சபாநாயகர் ஆனதும் நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகினார். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம்கூட இதற்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சபாநாயகர் பதவிக்கு வந்தவர் கட்சி உறுப்பினர் பொறுப்பை விட்டால் அவர் பதவி போகாது. நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு மறுபடி சேர்ந்துகொள்ளவும் செய்யலாம். கதவு நாற்பது வருஷமாகத் திறந்தே கிடக்கிறது. போகத்தான் ஆள் இல்லை.

‘சரி ஸார், சட்டசபையில் அவர்கள் சண்டை போட்டால் எனக்கென்ன? என் வீட்டில் தண்ணீர் வந்தால் போதும்’ என்கிறீர்களா? பேஷ். தண்ணீர் விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

தாமிரபரணி ஒரு விசேஷமான ஆறு. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைத் தொடும்வரை முழுக்க நம் மாநிலத்துக்குள்ளேயே ஓடுகிறது. கர்நாடகாவோடு சண்டை போட வேண்டாம், கேரளாவோடு கோர்ட்டுக்குப் போக வேண்டாம். எட்டு அணைக்கட்டுகள், இரண்டு கரையிலும் கால்வாய்கள் என்று ராஜா காலம் தொட்டு ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் மழைக்காலத்தில் உபரி நீர் கடலுக்குப் போகிறது. அதே நேரத்தில், தெற்கே கொஞ்ச தூரத்தில் நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கமெல்லாம் தேரி மணலும் உடைமரமுமாக வறண்டு கிடக்கிறது.

இதற்குத்தான் தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டம். கன்னடியன் கால்வாயிலிருந்து ஒரு வெள்ளநீர்க் கால்வாய். நீளம் சுமார் 75 கிலோமீட்டர். உபரியில் 2,765 மில்லியன் கன அடியை வறண்ட பக்கத்துக்குத் திருப்புவது திட்டம். 2009 பிப்ரவரியில் தி.மு.க. ஆட்சியில் அடிக்கல். மதிப்பீடு 369 கோடி ரூபாய்.

2011-ல் ஆட்சி மாறியது. வேலை நத்தை வேகத்துக்கு வந்தது. ‘எங்கள் திட்டம் என்பதால் கிடப்பில் போட்டார்கள்’ என்றது தி.மு.க. ‘நில ஆர்ஜிதம் முடியவில்லை, மத்திய அரசின் பணம் வரவில்லை’ என்றது அ.தி.மு.க. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. நிலம் எடுப்பதும், ரயில் பாதைக்கும் ஹைவேஸுக்கும் அடியில் கால்வாய் கொண்டுபோவதும் லேசுப்பட்ட காரியம் இல்லைதான். ஆனால், இரண்டு தரப்பு எம்.எல்.ஏ.க்களும் ஒன்றாக உட்கார்ந்து ‘இந்தத் தாசில்தார் ஆபீஸில் இந்த ஃபைல் ஏன் நிற்கிறது?’ என்று கேட்டிருந்தால் சில வருஷங்களாவது மிச்சமாகியிருக்காதா? கடைசியில், 2025 பிப்ரவரியில்தான் மறுபடி தி.மு.க. ஆட்சியில் திறப்பு விழா. செலவு சுமார் 1,060 கோடி.

இப்போது என் பி.காம். மூளை கால்குலேட்டரை எடுக்கிறது. 369 கோடியை வருஷத்துக்கு 6.8 சதவிகிதக் கூட்டு வட்டியில் பதினாறு வருஷம் போட்டு வைத்தால் எவ்வளவு வரும் தெரியுமா? கிட்டத்தட்ட 1,060 கோடி! அதாவது, நடுவில் யாருமே ஒரு பைசா தொடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், காலம் என்கிற ஆசாமி மட்டும் தனியாக 691 கோடிக்கு பில் போட்டிருக்கிறார். எந்த பட்ஜெட்டிலும் இதற்குத் தலைப்பு கிடையாது. ‘பேசாமல் இருந்ததற்கு வட்டி’ என்று ஒரு கலம் போடலாம்.

விவரம் தெரிந்தவர்கள் உடனே மறுப்பார்கள்: ‘விலைவாசி ஏறினால் வருமானமும்தானே ஏறும்? பணக் கணக்கில் இது நிஜமான நஷ்டம் இல்லையே!’ ஒப்புக்கொள்கிறேன். நிஜமான நஷ்டம் பணத்தில் இல்லை, தண்ணீரில். பதினாறு வருஷத்து ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஒரு சொட்டைக்கூட எந்த பேங்கும் வட்டியோடு திருப்பித் தராது. 2009-ல் ஐம்பது வயதான ஒரு திசையன்விளை விவசாயிக்குத் திறப்பு விழா அன்று அறுபத்தாறு வயது. ‘கால்வா வந்துட்டு அண்ணாச்சி. தண்ணி பாய்ச்சத்தான் எனக்கு முழங்கால் இல்ல’ என்று அவர் சொன்னால், அதற்கு எந்தக் கட்சி பதில் சொல்லும்?

‘எதிர்க்கட்சி என்று ஒன்று இருப்பதால்தானே இந்த வம்பு? எல்லா சீட்டையும் ஒரே கட்சிக்குக் கொடுத்துவிட்டால் வேலை நடக்குமே’ என்று டீக்கடையில் ஒரு யோசனை சொல்வார்கள். அதையும் திருநெல்வேலி பரிசோதித்துப் பார்த்துவிட்டது. 2022 தேர்தலில் மாநகராட்சியின் 55 வார்டுகளில் தி.மு.க. மட்டுமே 44. சபையில் எதிர்க்கட்சியைத் தேட டார்ச் லைட் வேண்டும். நடந்தது என்ன? சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களுக்கும் மேயருக்கும் ஆகவில்லை. 2024 ஜனவரியில் மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரைக்கும் போனது. ஜூலையில் மேயர் ராஜினாமா. ஆகஸ்டில் புது மேயர் தேர்தல் நடந்தபோது, ஆளுங்கட்சி நிறுத்தியவரை எதிர்த்து ஆளுங்கட்சிக்காரரே நின்றார். 30-க்கு 23. பேசித் தீர்க்கிற பழக்கம் இல்லாத வீட்டில் அண்ணன், தம்பி போதும். எதிரி வெளியிலிருந்து வர வேண்டாம்.

அதற்காக, நம் கட்சிகளுக்கு நாகரிகமே தெரியாது என்று சொன்னால் அபாண்டம். தெரியும். எப்போது வரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலாவது, எதிரி வெளியே இருக்கும்போது வரும். சுப்ரீம் கோர்ட்டின் காவிரித் தீர்ப்பு வந்ததும், 2018 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார், ஸ்டாலின் போனார். நீட் விலக்கு மசோதாவை 2021-ல் ஸ்டாலின் கொண்டுவந்தார், அ.தி.மு.க. ஆதரித்தது. தொகுதி மறுவரையறைக்காக 2025 மார்ச்சில் ஸ்டாலின் கூட்டிய கூட்டத்துக்கும் அ.தி.மு.க. வந்தது. சந்தோஷம். ஆனால், தாமிரபரணிக்கு என்று இப்படி ஒரு கூட்டத்துக்கு எங்கே போவது? எதிரே நிற்கப் பக்கத்து மாநிலம் எதுவும் இல்லையே! முழுக்க நம்முடைய ஆறாகப் பிறந்ததுதான் அது செய்த பாவம்.

இரண்டாவது, துக்க வீட்டில் வரும். ‘நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால் போ, கெட்ட காரியத்துக்குக் கூப்பிடாமலே போ’ என்பது நம் வழக்கம். ஜெயலலிதா மறைந்தபோது ஸ்டாலின் அஞ்சலி செலுத்தினார். எடப்பாடியின் தாயார் 2020-ல் மறைந்தபோது ஸ்டாலின் வீட்டுக்கே போய்த் துக்கம் விசாரித்தார். இதிலும் சறுக்கல் உண்டு. 2018 ஆகஸ்டில் கருணாநிதிக்கு மெரினாவில் ஆறடி இடம் கிடைக்க ராத்திரியோடு ராத்திரியாக ஹைகோர்ட் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது ரகம்தான் அபூர்வம். அதை வேலை நாகரிகம் என்று வைத்துக்கொள்வோம். கட்டிப்பிடிக்க வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அடுத்தவனுக்கு உரியதை முறைப்படி கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பது.

இதற்கும் உதாரணம் இல்லாமல் இல்லை. 2016 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்பு விழாவுக்கு ஸ்டாலின் போனார். அவரைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். சர்ச்சையானதும், அவமதிக்கும் எண்ணம் இல்லை, வருவது தெரிந்திருந்தால் முன்வரிசையில் இடம் தரச் சொல்லியிருப்பேன் என்று ஜெயலலிதாவே அறிக்கை விட்டார். மாநில நலனுக்குச் சேர்ந்து உழைப்போம் என்றும் சொன்னார். ஸ்டாலின் நன்றி சொன்னார். தமிழ்நாடே ஆச்சரியப்பட்டது. ஒரு நாற்காலியை முன்னே போடத் தவறியதற்கு ஒரு முதலமைச்சர் விளக்கம் சொன்னதே நமக்கு அதிசயமாகத் தெரிந்தது என்றால், நாம் எவ்வளவு காய்ந்து கிடந்திருக்கிறோம் பாருங்கள்.

2021-ல் ஆட்சி மாறியபோது, ஜெயலலிதா, எடப்பாடி படம் போட்ட பள்ளிக்கூடப் பைகள் லட்சக்கணக்கில் தயாராக இருந்தன. படத்தை மாற்ற வேண்டாம், அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார் ஸ்டாலின். மிச்சம் 13 கோடி ரூபாய் என்று சட்டசபையிலேயே கணக்குச் சொன்னார்கள். அதே வருஷம் கொரோனா ஆலோசனைக் குழுவில், முந்தைய ஆட்சியின் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கருக்கும் இடம் இருந்தது. அனுபவம் உள்ளவரிடம் யோசனை கேட்பதில் என்ன வெட்கம்?

அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2011-ல், சமச்சீர் கல்வியை நிறுத்தப் பார்த்து, பிள்ளைகள் பாடப் புத்தகம் இல்லாமல் காத்திருந்து, சுப்ரீம் கோர்ட் வரை போய், அப்புறம் பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டிப் புத்தகம் கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டிக்கரும் பையும் ஒரே லெட்ஜரின் இரண்டு பக்கங்கள். ஒன்றில் பற்று, ஒன்றில் வரவு.

இந்த மூன்றாவது ரகம் எங்கள் பக்கத்துக் கிராமத்து ஆட்களுக்கு அத்துப்படி. அண்ணன், தம்பிக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், பந்தியில் எதிரெதிரே உட்கார மாட்டார்கள். ஆனால், தண்ணீர் குறைந்து முறை வைத்துப் பாய்ச்சும் காலத்தில், தன் முறை முடிந்ததும் மடையை அடைத்துவிட்டு அடுத்தவன் வயலுக்குத் திறந்துவிடுவான். ஏன் என்று கேட்டால், ‘அவன்கூடப் பேச்சு இல்லவே. அதுக்காவ அவன் பயிரு கருகணுமா? நாளைக்கு என் முறைக்கு அவன்லா திறக்கணும்!’ என்பான். பிரியமெல்லாம் இல்லை. முறை. அவ்வளவுதான்.

கோட்டையில் இந்த முறைதான் இல்லை. கருணாநிதி 2011-க்குப் பிறகு சக்கர நாற்காலியோடு உட்கார வசதியாக இடம் இல்லை என்று லாபியில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். திருவாரூர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவருக்குச் சபைக்குள் கொஞ்சம் இடம் ஒதுக்க அன்றைய ஆளுங்கட்சிக்கு மனம் வரவில்லை. 2022-ல் காட்சி மாறியது. எதிர்க்கட்சித் துணைத் தலைவர் நாற்காலி யாருக்கு என்று அ.தி.மு.க. கொடுத்த கடிதத்துக்கு, நாற்காலி மாறுவதற்கு 2024 பிப்ரவரி வரை ஆனது. மடை அவன் கையில் இருந்தபோது அவன் அடைத்தான். இவன் கைக்கு வந்ததும் இவன் அடைத்தான். பயிர் யாருடையது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது ஒரு பெரிய ஆட்சேபம் வரும். வர வேண்டும். ‘எதிர்க்கட்சி எதிர்க்கத்தானே வேண்டும்? இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டால் ஏழைக்கு யார் குரல் கொடுப்பது?’

இந்த ஆட்சேபத்துக்கு நெல்லையில் ஒரு தேதி உண்டு. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் புதிய தமிழகம், த.மா.கா., இடதுசாரிக் கட்சிகள் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடி ஜெயிலில் இருந்தவர்களை விடச் சொல்லிக் கலெக்டரிடம் மனு கொடுப்பது நோக்கம். கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் போலீஸ் தடியடி. தப்பிக்க ஜனங்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். பதினேழு பேர் செத்துப்போனார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று.

அன்று கத்தியது தப்பு என்று யார் சொல்ல முடியும்? நாகரிகம் என்பது வாயை மூடிக்கொண்டு இருப்பது இல்லை. அன்று நாகரிகமாக நடந்துகொள்ள வேண்டிய கடமை மனுவை வாங்க வேண்டியவர்களுக்குத்தான் இருந்தது. நாலு தலைவர்களை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, ‘சொல்லுங்க’ என்று கேட்டிருந்தால்? ஒரு மேஜை, ஐந்தாறு நாற்காலி. அந்தக் கணக்கை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. 691 கோடிக்கு கால்குலேட்டர் போதும். இதற்குப் போதாது.

வருஷா வருஷம் ஜூலை 23 அன்று கட்சிகள் ஆற்றங்கரைக்கு வந்து மலர் தூவுகின்றன. தனித்தனியாக.

பலமாக எதிர்ப்பதும் மரியாதையாகப் பேசுவதும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று நமக்கு யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள், தங்கள் ஊரும் வெள்ளத்தில் இருக்கும்போதே, அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த நாட்களில் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே நடந்த விவாதத்தில் ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது எது? ‘அப்பன் வீட்டுக் காசு’ என்ற ஒரு சொல்லும், அந்தச் சொல் சரியா என்ற பட்டிமன்றமும்தான். நிவாரணம் எவ்வளவு கேட்டோம், எவ்வளவு வந்தது, ஏன் குறைந்தது? இந்தக் கேள்விகள் சொல்லில் அடித்துக்கொண்டு போய்விட்டன. வசவு, கேட்டவனுடைய கேள்வியையே பலவீனமாக்கிவிடுகிறது. எதிராளிக்கு அது வசதி. ‘கணக்கைச் சொல்லு’ என்றால் அவன் சொல்லித்தான் ஆக வேண்டும். திட்டினால், திட்டியதைப் பற்றியே பேசித் தப்பித்துவிடலாம்.

குறை சொல்லி முடித்தாயிற்று. என்ன செய்யலாம்? பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். நாலே விஷயம்.

சபாநாயகர் ஆனவர் கட்சியிலிருந்து விலகட்டும். சட்டம் அனுமதிக்கிறது, முதலில் ஒருவர் செய்தால் வழக்கமாகிவிடும்.

சபை நேரலையை வெட்டாமல் ஒட்டாமல் முழுசாகக் காட்டட்டும். யார் பேசினார், யார் கத்தினார் என்று நாமே பார்த்துக்கொள்கிறோம்.

அரசாங்கத்தின் வரவு செலவைத் தோண்டிப் பார்க்கும் பொதுக் கணக்குக் குழுவுக்கு, மக்களவையில் 1967 முதல் எதிர்க்கட்சிக்காரரே தலைவர். நம் சட்டசபையில் 2021-ல் அந்த இடம் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சியான காங்கிரஸுக்குப் போனது. கடைக்காரரே தன் மச்சானை ஆடிட்டராகப் போட்டால் பாலன்ஸ் ஷீட் அழகாகத்தான் இருக்கும். இந்த நாற்காலி, எந்த ஆட்சி வந்தாலும், பிரதான எதிர்க்கட்சிக்கே போகட்டும்.

நாலாவது, புது அரசு வந்த ஆறு மாதத்துக்குள், பழைய அரசு பாதியில் விட்ட ஒவ்வொரு திட்டத்துக்கும் பதில் சொல்லட்டும். தொடர்கிறோம் என்றால் எப்போது முடியும்? நிறுத்துகிறோம் என்றால் ஏன்? நிறுத்துவது தப்பில்லை. காரணம் சொல்லாமல் கிடப்பில் போடுவதுதான் தப்பு. திறப்பு விழாக் கல்வெட்டில் அடிக்கல் நாட்டியவர் பெயரையும் சேர்த்தே போடுங்கள் என்றால் பாதி தாமதம் குறைந்துவிடும் என்பது என் அனுமானம். கல்லில் இரண்டு வரி கூடப் பொறிக்க எவ்வளவு ஆகிவிடும்?

‘நாங்கள் என்ன செய்ய முடியும் ஸார்?’ என்று நீங்கள் கேட்பீர்கள். முடியும். நாம் எதற்குக் கை தட்டுகிறோமோ, அதைத்தான் அவர்கள் மேடையில் பேசுகிறார்கள். வசவுக்கு விசில் அடிக்கிற கூட்டத்துக்கு வசவுதான் கிடைக்கும்.

அடுத்த முறை உங்கள் எம்.எல்.ஏ.வோ கவுன்சிலரோ கும்பிடு போட்டுக்கொண்டு தெருவுக்கு வரும்போது, ரோடு, விளக்கு, சாக்கடை எல்லாம் கேட்டு முடித்த பிறகு, இந்த ஒரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: ‘அண்ணாச்சி, எதிர்க்கட்சிக்காரரோட சேர்ந்து நம்ம ஊருக்கு நீங்க செஞ்ச காரியம் ஒண்ணு சொல்லுங்க.’

உடனே பதில் வந்தால் அவருக்கே ஓட்டுப் போடுங்கள். முழித்தால் பரவாயில்லை, கொஞ்சம் யோசிக்க விடுங்கள். கூட வந்திருக்கும் தொண்டர்களும் யோசிக்கட்டும்.